ஆன்லைனில் எதிர்வினை நேரச் சோதனை: கேள்வியிலிருந்து தரவு வரை

எதிர்வினை நேரம் என்பது திரையில் ஒன்று தெரிந்ததிலிருந்து விசையை அழுத்தும் வரை ஆகும் நேரம். அதை அளக்கும் ஆய்வகம் என்றால் இருட்டறை, தாடையை வைக்க ஒரு தாங்கி, எல்லோருக்கும் ஒரே கணினி, ஒரே கீபோர்டு. ஆன்லைனில் இதில் எதுவும் நம் கையில் இல்லை. ஒருவர் புது லேப்டாப்பில் செய்வார். இன்னொருவர் பழைய கணினியில், பின்னால் டிவி ஓடிக்கொண்டிருக்க, நடுவில் குக்கர் விசிலுக்கு எழுந்து போய்விட்டு வந்து தொடர்வார். இப்படிப்பட்ட இடத்திலிருந்து 40 மில்லிவிநாடி வித்தியாசத்தை எடுக்க முடியுமா? முடியும். ஆனால் எல்லா வகை வித்தியாசத்தையும் எடுக்க முடியாது. எது முடியும், எது முடியாது என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரே சோதனையைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். பார்பரா எரிக்சனும் சார்லஸ் எரிக்சனும் 1974இல் வெளியிட்ட ஃபிளாங்கர் சோதனை. அவர்கள் எழுத்துகளை வைத்துச் செய்தார்கள். இப்போது பலரும் அம்புக்குறிகளை வைக்கிறார்கள். திரையில் ஐந்து அம்புகள் வரிசையாக வரும். நடு அம்பு இடப்பக்கம் காட்டினால் ஒரு விசை, வலப்பக்கம் காட்டினால் இன்னொன்று. ஓரத்து நான்கு அம்புகளும் நடு அம்போடு ஒத்துப்போனால் பதில் சீக்கிரம் வரும். எதிர்ப்பக்கம் காட்டினால் தாமதமாகும், தவறும் கூடும். அந்தத் தாமதத்தைத்தான் அளக்கப் போகிறோம்.

முதலில் கேள்வியைச் சலித்தெடுங்கள்

ஒருவருடைய கணினி ஒவ்வொரு பதிலிலும் 60 மில்லிவிநாடி கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான நேரம், ஒத்துப்போகும் அம்புகளுக்கு 450, ஒத்துப்போகாதவற்றுக்கு 500. நமக்குக் கிடைப்பது 510, 560. இரண்டுமே தப்பு. ஆனால் கழித்துப் பார்த்தால் 50 என்பது 50 ஆகவே நிற்கிறது. ஒரே ஆளை, ஒரே கணினியில், இரண்டு நிலைகளில் (இங்கே ஒத்துப்போகும் அம்புகள், ஒத்துப்போகாத அம்புகள்) ஒப்பிடும் சோதனைகள் ஆன்லைனில் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

அந்த 60 ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஆளையும் ஆளையும் நேரடியாக ஒப்பிடும்போது சிக்கல் வருகிறது. முதியவர்கள் இளைஞர்களைவிட எவ்வளவு மெதுவாகப் பதில் தருகிறார்கள் என்பது உங்கள் கேள்வி, முதியவர்களிடம் இருப்பதெல்லாம் பழைய கணினி என்றால், நீங்கள் அளப்பது வயதையா, கணினியையா? பங்கேற்பாளர் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் இது சரியாகாது. தப்பு எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது ஆட்களைச் சேர்ப்பது அந்தத் தப்பை இன்னும் உறுதியாகச் சொல்லத்தான் உதவும். சராசரி வேகத்தை வேறொரு கேள்வித்தாள் மதிப்பெண்ணோடு தொடர்புபடுத்தும் ஆய்வுகளுக்கும், முதல் அமர்வை லேப்டாப்பிலும் அடுத்ததை வேறு கணினியிலும் செய்ய விடும் ஆய்வுகளுக்கும் இதே கதிதான்.

இது வானியலாளர்கள் அடிபட்டுக் கற்ற பாடம். 1796இல் கிரீனிச் வானாய்வகத்தில் நெவில் மாஸ்கெலின் தன் உதவியாளர் டேவிட் கின்னிபுரூக்கை வேலையை விட்டு அனுப்பினார். நட்சத்திரம் தொலைநோக்கியின் குறிக்கம்பியைக் கடக்கும் நேரத்தை அவர் ஏறக்குறைய 0.8 விநாடி பிந்திக் குறிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு நிலையான பிசகு உண்டு என்பதைப் பிறகு ஜெர்மன் வானியலாளர் பெசல் எடுத்துக்காட்டினார். பாவம், கின்னிபுரூக்கை அவரோடே ஒப்பிட்டிருந்தால் வேலை போயிருக்காது.

இன்னொரு எல்லையும் உண்டு. 2013இல் கிரம்ப், மெக்டானெல், குரெக்கிஸ் மூவரும் காசுக்குச் சிறு வேலைகள் செய்ய ஆட்கள் கிடைக்கும் தளமான அமேசானின் மெக்கானிக்கல் டர்க் வழியாக ஆட்களைச் சேர்த்து ஸ்ட்ரூப், ஃபிளாங்கர், சைமன் போன்ற பழைய சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலானவை ஆய்வகத்தில் வந்தது போலவே வந்தன. ஒரு தூண்டலை (எழுத்து, படம் போன்ற ஒன்றை) மிகக் குறுகிய நேரம் காட்டி உடனே மறைத்து, அது அடுத்து வரும் பதிலை மாற்றுகிறதா என்று பார்க்கும் ப்ரைமிங் சோதனை அப்படி ஒத்துவரவில்லை. பதில் நேரத்தை அளப்பது ஒரு வேலை. திரையில் ஒன்றைச் சரியாக இத்தனை மில்லிவிநாடி மட்டும் காட்டுவது வேறு வேலை. பிரவுசர் இரண்டாவதில் பலவீனம். உங்கள் சோதனை அதை நம்பியிருந்தால் ஆய்வகத்துக்கே போங்கள்.

மில்லிவிநாடிகள் எங்கே தொலைகின்றன

திரையிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது 16.7 மில்லிவிநாடிக்கு ஒரு ஃபிரேம். நீங்கள் நிரலில் 100 என்று எழுதினால் 60 ஹெர்ட்ஸ் திரையில் அது 6 ஃபிரேம், 120 ஹெர்ட்ஸில் 12. இரண்டும் முழு எண், பிரச்சினை இல்லை. 75 ஹெர்ட்ஸில் அதுவே 7.5, கேமிங் லேப்டாப்பின் 144 ஹெர்ட்ஸில் 14.4. அரை ஃபிரேமைத் திரை காட்டாது, ஒன்று கூடும் அல்லது குறையும். அதோடு திரை மேலிருந்து கீழாக வரையப்படுகிறது. உச்சியில் இருப்பதற்கும் அடியில் இருப்பதற்கும் கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம் இடைவெளி வரலாம். மேலே வரும் படத்தையும் கீழே வரும் படத்தையும் ஒப்பிடும் சோதனையில் இது நேரே முடிவுக்குள் புகுந்துவிடும். நம் அம்புகள் எப்போதும் நடுவில் நிற்பதால் தப்பித்தோம்.

அடுத்தது கீபோர்டு. சாதாரண யுஎஸ்பி கீபோர்டைக் கணினி 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் விசாரிக்கும். ப்ளூடூத் கீபோர்டு இன்னும் மோசம். ஒலி வைத்துச் செய்வதாக இருந்தால் ப்ளூடூத் ஹெட்ஃபோனை அறவே தடுத்துவிடுங்கள். அதன் தாமதம் 100 மில்லிவிநாடியைத் தாராளமாகத் தாண்டும்.

கடிகாரத்தைப் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பிரவுசர்கள் தங்கள் நுண்கடிகாரத்தை வேண்டுமென்றே மழுங்கடித்தன. உண்மைதான். ஆனாலும் வழக்கமான பிரவுசர்களில் அது இன்று ஏறக்குறைய 1 மில்லிவிநாடி அல்லது அதற்கும் கீழான அளவில்தான் இருக்கிறது. நமக்கு அது போதும்.

ஏன் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஆள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது நேரத்தின் திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 100 மில்லிவிநாடி என்று வையுங்கள். திரை ஃபிரேமால் வரும் தடுமாற்றம் 0 முதல் 16.7 வரை சமமாகப் பரவினால் அதன் திட்ட விலக்கம் 4.8. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 100.1. அவ்வளவுதான். மனிதன் போடும் சத்தத்தில் இயந்திரத்தின் சத்தம் காதிலேயே விழாது. உல்ரிச்சும் கிரேயும் 1989இலேயே, கடிகாரம் கரடுமுரடாக இருந்தாலும் எதிர்வினை நேர ஆய்வுக்குப் பெரிய சேதம் இல்லை என்று காட்டிவிட்டார்கள். பயப்பட வேண்டியது நிலைக்கு நிலை மாறும் பிசகைப் பார்த்துத்தான். ஒரு நிலையில் சிறிய படம், இன்னொன்றில் இறங்க நேரம் எடுக்கும் பெரிய படம் என்று வைத்தால் அந்தப் பிசகை நீங்களே உள்ளே கொண்டுவருகிறீர்கள்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கொஞ்சமாவது ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் நிரல் மொழி) எழுதத் தயார் என்றால், சோதனையை அமைத்து ஓட்டும் ஜேஎஸ்சைக் என்ற மென்பொருள். ஜோஷுவா டி லீவ் உருவாக்கியது, அதைப் பற்றிய கட்டுரை 2015இல் வந்தது. இலவசம், திறந்த மூலம். நிரலே வேண்டாம் என்றால் ஜொனாதன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை. அதன் பில்டரில் பெட்டிகளை நகர்த்தியே சோதனையை அமைத்து, பாவ்லோவியா தளத்தில் ஏற்றி ஓட்டலாம். லேப்.ஜேஎஸ் இலவசம், கொரில்லா கட்டணம். பிரிட்ஜஸ், பியர்ஸ் குழு 2020இல் இக்கருவிகளை இயந்திரத்தால் அளந்து ஒப்பிட்டது. சுருக்கமாகச் சொன்னால், ஒரே கணினிக்குள் தடுமாற்றம் பெரும்பாலும் சில மில்லிவிநாடிகள்தான். ஆனால் எந்தப் பிரவுசர், எந்த இயங்குதளம் என்பதைப் பொறுத்து நிலையான தாமதம் கணிசமாக மாறுகிறது. நாம் மேலே பார்த்த கதையேதான்.

ஜேஎஸ்சைக் எடுத்தால் தரவைச் சேமிக்க சர்வரும் வேண்டும். பல்கலைக்கழகத்தில் சர்வர் கிடைத்தால், ஆன்லைன் ஆய்வுகளை ஓட்டித் தரவைச் சேமிக்கும் ஜேடாஸ் என்ற மென்பொருளை அதில் நிறுவிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும் நேரத்தை அளக்கும் நிரலைச் சொந்தமாக எழுத ஆசைப்படாதீர்கள். செட்டைம்அவுட் (இத்தனை நேரம் கழித்து இதைச் செய் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை) போட்டுப் படத்தை மறைப்பது முதல் நாள் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. பக்கம் பின்னணிக்குப் போனால் குரோம் அந்த டைமரை விநாடிக்கு ஒருமுறை என்ற அளவுக்குக் கட்டுப்படுத்திவிடும்.

சோதனையைக் கட்டுதல்

திரை நடுவில் ஒரு கூட்டல் குறி. அதன் காலத்தை ஒவ்வொரு முறையும் 500க்கும் 1,000க்கும் நடுவில் மாற்றுங்கள். ஒரே சீராக வைத்தால் மக்கள் தாளம் பிடித்துவிடுவார்கள், அம்பைப் பார்க்குமுன்பே விரல் இறங்கும். பிறகு அம்புகள், பதில் வரும் வரை, அதிகபட்சம் 1,500 மில்லிவிநாடி. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. இதுதான் ஒரு டிரையல். பாதி டிரையலில் அம்புகள் ஒத்துப்போக வேண்டும், பாதியில் எதிர்க்க வேண்டும். இடம், வலம் இரண்டும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

எத்தனை டிரையல்? பிரிஸ்பார்ட்டும் ஸ்டீவன்ஸும் 2018இல் ஒரு கைக்கணக்கு கொடுத்தார்கள்: நிலைக்குக் குறைந்தது 1,600 பதில்கள், எடுத்துக்காட்டாக 40 பேர், ஒவ்வொருவரிடமும் நிலைக்கு 40. நான் 40 டிரையல் கொண்ட நான்கு பிளாக் வைப்பேன். மொத்தம் 160, நிலைக்கு 80. பயிற்சிக்கு 16 தனி, அதில் மட்டும் சரி, தவறு என்று காட்டலாம். ஒரு டிரையல் இரண்டரை விநாடி என்றாலும் முக்கியப் பகுதி ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து செய்பவரிடம் கால் மணி நேரத்துக்கு மேல் கவனத்தை எதிர்பார்ப்பது பேராசை.

அம்பின் அளவு எல்லாத் திரையிலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் ஏடிஎம் கார்டு கைகொடுக்கும். ஏடிஎம் கார்டும் பான் கார்டும் 85.6 மில்லிமீட்டர் அகலம்தான். கார்டைத் திரைமேல் வைத்து, படத்தில் உள்ள பெட்டியை அந்த அளவுக்கு இழுக்கச் சொன்னால் அந்தத் திரையில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று தெரிந்துவிடும். எண் இருக்கும் பக்கத்தை யாரிடமும் காட்டத் தேவையில்லை என்று எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் மோசடி என்று நினைத்து ஓடிவிடுவார்கள்.

தமிழ்ச் சொற்களைக் காட்டும் சோதனை என்றால் எழுத்துரு முழுதாக இறங்கிய பிறகே முதல் டிரையல் தொடங்கட்டும். இல்லாவிட்டால் முதலில் கணினியின் சொந்த எழுத்துருவில் தெரிந்து, கண்முன்னே வடிவம் மாறும். சொற்களை முன்கூட்டியே படமாக்கிவிடுவது இன்னும் பத்திரம்.

விசைகள்: நான் விழுந்த குழி

இடப்பக்கத்துக்கு எஃப், வலப்பக்கத்துக்கு ஜே. இரண்டிலும் தடவினால் தெரியும் சின்ன மேடு உண்டு, விரல் தானாகப் போய் உட்காரும். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்தேன். முன்னோட்டத்தில், அதாவது நிஜச் சோதனைக்கு முன் சிலரை வைத்துச் செய்யும் ஒத்திகையில், ஒரு நண்பர் "ஸ்டக் ஆயிடுச்சு, எதை அழுத்தினாலும் நகரல" என்று செய்தி அனுப்பினார். என் கணினியில் பிரமாதமாக ஓடியது. அரை நாள் நிரலைத் துருவியபின் அவரிடமே கேட்டேன். அவர் அதற்கு முன் தமிழ்99இல் எதையோ தட்டச்சு செய்துவிட்டு, மாற்றாமல் அப்படியே வந்திருக்கிறார். அவர் எஃப் அழுத்தினால் ஆய்த எழுத்து, ஜே அழுத்தினால் ப. என் நிரல் ஆங்கில எழுத்துக்காகவே காத்துக்கொண்டிருந்தது.

பிரவுசர் ஒவ்வொரு விசைக்கும் இரண்டு தகவல் தருகிறது: என்ன எழுத்து வந்தது, கீபோர்டில் எந்த இடத்து விசை அது. முடிந்தால் இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். கருவி முதலாவதை மட்டுமே பார்க்கும் என்றால், தொடக்கத்திலேயே "எஃப் விசையை அழுத்துங்கள்" என்று ஒரு பக்கம் வைத்து, வராவிட்டால் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆங்கிலக் கருவிகளின் வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கை எனக்குக் கண்ணில் பட்டதில்லை. தமிழர்களை வைத்துச் செய்பவர்களுக்கு நிச்சயம் வரும் தொல்லை இது.

கைபேசியை என்ன செய்வது? இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பெரும்பாலானோர் கைபேசியில்தான் திறப்பார்கள். தொடுதிரையும் கீபோர்டும் கலந்த தரவு தலைவலி. ஒன்று, கைபேசியைக் கண்டுபிடித்து நிறுத்தி, கணினியில் திறக்கச் சொல்லுங்கள். அல்லது எல்லோருமே கைபேசியில் செய்யும்படி தொடக்கத்திலிருந்தே வடிவமைத்துவிடுங்கள். நடுவழி வேண்டாம்.

எதைப் பதிவு செய்வது

ஒவ்வொரு டிரையலுக்கும் நிலை, நடு அம்பின் திசை, அழுத்திய விசை, சரியா தவறா, நேரம், பிளாக் எண், டிரையல் எண். ஒவ்வொருவருக்கும் பிரவுசர், இயங்குதளம், திரை அளவு, தொடக்கத்தில் சில விநாடிகள் அளந்த ஃபிரேம் வேகம். முழுத்திரையை விட்டு எப்போது வெளியேறினார், வேறு பக்கத்துக்கு எப்போது தாவினார் என்பதும் வேண்டும். லேப்டாப்பை மின்இணைப்பில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பேட்டரி சேமிப்பு முறை சில கணினிகளில் திரையின் வேகத்தைக் குறைக்கும்.

தரவை ஒவ்வொரு பிளாக் முடிந்ததும் சர்வருக்கு அனுப்புங்கள். கடைசியில் மொத்தமாக அனுப்பும்படி வைத்தால், நன்றி சொல்லும் பக்கம் வருமுன் ஜன்னலை மூடியவரின் உழைப்பு முழுக்கப் போய்விடும். அவர் எங்கே நிறுத்தினார் என்பதும் தெரியாது. அது முக்கியம். எதிர்க்கும் அம்புகள் மட்டும் நிறைந்த ஒரு பிளாக் வைத்து, அதில் மட்டும் பாதிப்பேர் ஓடினால், மிஞ்சியவர்களை வைத்து ஒப்பிடுவதே கோணலாகிவிடும்.

முன்னோட்டத்துக்கு ஐந்தாறு பேர் போதும், ஆனால் ஐந்தாறு வித்தியாசமான கணினிகள் வேண்டும். மேக்கில் சஃபாரி, விண்டோஸில் எட்ஜ், அலுவலகத்தின் பழைய கணினி ஒன்று. கிடைத்த தரவை வைத்து முழு பகுப்பாய்வையும் அப்போதே ஓட்டிப் பாருங்கள். எந்த நெடுவரிசை விட்டுப்போயிற்று என்பது அங்கேதான் தெரியும்.

ஆட்களும் அனுமதியும்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆன்லைனுக்கும் கட்டாயம். இந்தியாவில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளை மனதில் வைத்தே குழுக்கள் பெரும்பாலும் கேள்வி கேட்கும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்கள் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஐபி முகவரி தேவையில்லை என்றால் சேமிக்காதீர்கள். பெயருக்குப் பதில் தற்செயலாக உருவாக்கிய ஒரு எண் போதும். ஒப்புதல் படிவம் பங்கேற்பாளர் வீட்டில் பேசும் தமிழில் இருக்கட்டும். அரசாணை நடையில் எழுதினால் யாரும் படிக்காமல் "சம்மதம்" அழுத்திவிடுவார்கள்.

புரோலிஃபிக் போன்ற தளங்களில் காசு கொடுத்தால் ஒரே நாளில் ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் தமிழ் பேசுவோர் வேண்டுமென்றால் கல்லூரி, தெரிந்தவர் வட்டம், சமூக ஊடகம் என்று அலைய வேண்டியதுதான். வந்தவர் கவனமாகச் செய்தாரா என்று பார்க்கத் தந்திரக் கேள்விகள் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. இந்தச் சோதனையில் தவறு விகிதமே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு விசைகளில் குத்துமதிப்பாக அடித்தால் பாதி சரியாகும். அதை ஒட்டி இருப்பவர் திரையைப் பார்க்கவில்லை என்று பொருள்.

சுத்தம் செய்தலும் பகுப்பாய்வும்

எதை நீக்குவது என்ற விதிகளைத் தரவைப் பார்க்குமுன் எழுதி, ஆய்வுத் திட்டங்களைப் பதிவு செய்து வைக்கும் ஓஎஸ்எஃப் போன்ற தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். என் விதிகள்: பயிற்சி நீக்கம், ஒவ்வொரு பிளாக்கிலும் முதல் டிரையல் நீக்கம், நேரப் பகுப்பாய்வுக்குத் தவறான பதில்கள் நீக்கம், 200 மில்லிவிநாடிக்குக் கீழே வந்தவை நீக்கம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அழுத்தும் வேலையில் அவ்வளவு வேகம் பெரும்பாலும் முன்கூட்டியே இறங்கிய விரல்தான். ஜன்னலை விட்டு வெளியேறிய டிரையலும் அதை அடுத்ததும் போகும். சரியான பதில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த ஆளே முழுதாக வெளியே.

எதிர்வினை நேரம் வலப்பக்கம் நீண்ட வால் கொண்டது. சராசரியிலிருந்து இத்தனை திட்ட விலக்கம் என்று வெட்டும்போது அந்த வாலே திட்ட விலக்கத்தை ஊதிவிடும், பெரிய மதிப்புகள் அதன் நிழலில் தப்பிக்கும். இடைநிலையை (மதிப்புகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) வைத்துக் கணக்கிடும் விலகல் இங்கே மேல். ஆனால் ஒவ்வொருவருக்கும் இடைநிலையை எடுத்து ஒப்பிடுவதில் ஒரு பொறி உண்டு. இரண்டு நிலைகளிலும் டிரையல் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் இடைநிலை ஒருபக்கம் சாயும் என்று மில்லர் 1988இல் காட்டினார். நம் சோதனையில் பாதிக்குப் பாதி வைத்தது இங்கே உதவுகிறது.

முதல் தடவை என்றால் ஒவ்வொருவருக்கும் இரண்டு சராசரி, ஒரு வித்தியாசம், அந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று பார்க்கும் ஜோடி டி-சோதனை. அதில் தப்பில்லை. அடுத்த கட்டமாக, புள்ளியியலுக்கான ஆர் மொழியில் எல்எம்இ4 என்ற தொகுப்பைக் கொண்டு கலப்பு மாதிரி ஓட்டலாம், அது சராசரி எடுக்காமல் ஒவ்வொரு டிரையலையும் ஆள் வாரியாகக் கணக்கில் எடுக்கும். அப்போது அம்பின் விளைவும் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு இடம் கொடுக்க மறக்காதீர்கள். மடக்கை எடுத்து நேரத்தை மாற்றும் முன் யோசியுங்கள். வேகமானவருக்கு 40 மில்லிவிநாடியும் மெதுவானவருக்கு 40 மில்லிவிநாடியும் மடக்கையில் ஒன்றல்ல. இரண்டு காரணிகள் சேர்ந்து செயல்படுகின்றனவா என்பது உங்கள் கேள்வி என்றால், அந்த மாற்றமே ஒரு முடிவை உண்டாக்கலாம், இருந்ததை அழிக்கவும் செய்யலாம்.

தவறு விகிதத்தையும் அதே அட்டவணையில் பக்கத்திலேயே போடுங்கள். நேரம் கூடிய நிலையில் தவறும் கூடியிருந்தால் கதை நேராக இருக்கிறது. நேரம் கூடி, தவறு குறைந்திருந்தால் அங்கே மக்கள் நிதானித்துச் செய்திருக்கலாம், அம்பின் வேலை அதில் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

பிரவுசர் வகை வாரியாகவும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மொத்த நேரம் பிரவுசருக்குப் பிரவுசர் மாறினால் கவலை வேண்டாம், அது எதிர்பார்த்ததுதான். வித்தியாசமே மாறினால் நிரலைத் திறக்க வேண்டும். கட்டுரை எழுதும்போது கருவியின் பதிப்பு எண்ணையும் சோதனை ஓடிய தேதிகளையும் சேர்த்து எழுதுங்கள். பிரவுசர்கள் சில வாரத்துக்கு ஒருமுறை தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. மார்ச்சில் பாதியும் ஜூனில் பாதியும் தரவு சேர்த்திருந்தால், அந்த இரண்டும் ஒரே பிரவுசரில் செய்தவை இல்லை.